எஸ்15 காரில் டர்போவின் ரியர் ஹவுசிங் மாற்றுவது எப்படி: 0.64லிருந்து 0.86க்கு

"ஜிடி2871ஆர் போட்டாச்சு, டியூன் பண்ணியாச்சு, ஆனா 6,000 ஆர்பிஎம் தாண்டினதும் கார் மூச்சு வாங்குது, என்ன செய்யலாம்?" எஸ்15 வைத்திருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. டர்போ என்பது எஞ்சின் கக்கும் புகையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, மறுமுனைச் சக்கரத்தால் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி, ஜிடி2871ஆர் அதில் ஒரு மாடல். பலருக்கு விடை இருப்பது டர்போவின் சூடான பக்கத்து வார்ப்பில், அதாவது டர்பைன் ஹவுசிங்கில். இங்கே ஆஸ்திரேலியாவில் அதை எல்லாரும் ரியர் ஹவுசிங் என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். முழு டர்போவையும் மாற்றாமல் இந்த ஒரு வார்ப்பை மட்டும் பெரிதாக்கினால் காரின் குணமே மாறும். ஆனால் எந்தப் பக்கம் மாறும் என்று தெரிந்துகொண்டு கையை வையுங்கள்.

முதலில் எந்தக் காரைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். நிசான் எஸ்15, ஜப்பானில் சில்வியா, இங்கே 200எஸ்எக்ஸ். 1,998 சிசி எஸ்ஆர்20டிஈடி எஞ்சின். ஜப்பானில் ஸ்பெக் ஆர் 250 பிஎஸ் (குதிரைத்திறன்) என்று விற்றது, இங்கே வந்தது 147 கிலோவாட். அதில் கம்பெனி டர்போ போய் காரெட் ஜிடி2871ஆர் உட்கார்ந்திருக்கிறது, 0.64 ஹவுசிங்கோடு. அதைக் கழற்றி 0.86 பூட்டப்போகிறோம். உங்களிடம் வேறு டர்போ இருந்தாலும் வேலையின் வரிசை ஏறக்குறைய இதேதான், எண்கள்தான் வேறு.

அந்த எண் என்ன சொல்கிறது

ரியர் ஹவுசிங்கைக் கையில் எடுத்துப் பார்த்தால் நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கும். எஞ்சினிலிருந்து வரும் புகை அதன் வாய்வழியாக உள்ளே வந்து, சுருங்கிக்கொண்டே போகும் அந்தப் பாதையில் சுற்றி, நடுவில் உள்ள டர்பைன் சக்கரத்தின் மேல் பாய்கிறது. பாதையை ஏதாவது ஓர் இடத்தில் குறுக்கே வெட்டிப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த வெட்டின் பரப்பு ஏ. அந்தப் பரப்பின் மையத்திலிருந்து ஷாஃப்ட்டின் மையம்வரை உள்ள தூரம் ஆர். ஏயை ஆரால் வகுத்தால் வருவதுதான் 0.64, 0.86 என்ற எண். பாதை சுருங்கச் சுருங்க இரண்டும் சேர்ந்தே குறைவதால் எங்கே வெட்டினாலும் இந்த எண் மாறுவதில்லை.

விறகடுப்பில் ஊதாங்குழல் பிடித்தவர்களுக்கு மீதி சொல்லாமலே புரியும். குழலின் நுனி சிறிதாக இருந்தால் லேசாக ஊதினாலே காற்று சுரீரென்று போய்க் கங்கைப் பற்றவைக்கும். அதே குழலில் முழு மூச்சையும் ஒரேயடியாகத் தள்ளிப் பாருங்கள், போக வழியில்லாமல் கன்னம் உப்பிக்கொண்டு மூச்சு உங்கள் பக்கமே திரும்பும். 0.64 சிறிய நுனி. குறைந்த ஆர்பிஎம்மில் வரும் கொஞ்சம் புகையையும் வேகமாக்கிச் சக்கரத்தின் மேல் அடிப்பதால் பூஸ்ட், அதாவது டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம், சீக்கிரம் வருகிறது. மேலே போகப்போக எஞ்சின் தள்ளும் புகை முழுவதும் அதில் புக முடியாமல் மேனிஃபோல்டில், அதாவது சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து டர்போவுக்குக் கொண்டுவரும் பாதையில், அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தம் எக்சாஸ்ட் வால்வு மூடுவதற்குள் எரிந்த புகையில் ஒரு பங்கைச் சிலிண்டருக்குள்ளேயே திருப்பித் தள்ளும், அந்தச் சூடு நாக் (கலவை நேரம் தவறித் தானாக வெடிப்பது) வரவழைக்கும், டியூனர் இக்னிஷனை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, பின்னுக்கு இழுப்பார், பவர் படுத்துவிடும். கார் மூச்சு வாங்குகிறது என்று நீங்கள் உணர்வது இதைத்தான்.

0.86 போட்டால் மேலே வழி திறக்கும், கீழே பூஸ்ட் வருவது சில நூறு ஆர்பிஎம் தள்ளிப்போகும். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் வாங்க முடியாது. ஈஸ்டர்ன் க்ரீக் மாதிரி நீண்ட நேர்ப்பாதை உள்ள டிராக்கில் 5,000க்குக் கீழே இறங்காமல் ஓட்டுபவருக்கு 0.86 பொருந்தும். தினமும் வேலைக்குப் போகவும், சிக்னலிலிருந்து எடுக்கவும், மலைப்பாதை வளைவுகளில் இரண்டாம் மூன்றாம் கியரில் ஓட்டவும்தான் கார் என்றால் 0.64ஐ விட்டுவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

வாங்கும் முன் அளந்து பாருங்கள்

இந்த இடத்தைத் தாண்டிக் குதிக்காதீர்கள். மேலே பவர் படுப்பதற்கு ரியர் ஹவுசிங் மட்டும்தான் காரணம் என்றில்லை. அடைத்துப்போன கேட்டலிடிக் கன்வெர்ட்டர், ஒல்லியான எக்சாஸ்ட் குழாய், அழுக்கேறிய ஏர் ஃபில்டர், இன்டர்கூலர் குழாயில் ஒரு கசிவு, எதுவும் இதே மாதிரி அறிகுறி காட்டும். இவை எல்லாவற்றையும் ஹவுசிங் விலைக்குள் சரிபார்த்துவிடலாம்.

சரி, அவை நன்றாக இருக்கின்றன என்றால் மேனிஃபோல்டில் டர்பைனுக்கு முன்னால் உள்ள அழுத்தத்தை அளக்க வேண்டும். மேனிஃபோல்டில் திருகு வைத்த ஒரு சிறு துளை வேண்டும், சில மேனிஃபோல்டுகளில் ஏற்கெனவே இருக்கும், இல்லாவிட்டால் வெல்டரிடம் கொடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அதிலிருந்து செம்பு அல்லது ஸ்டீல் டியூப்பை அரை மீட்டருக்குக் குறையாமல், இரண்டு மூன்று சுற்றுச் சுருட்டி, பிறகு ரப்பர் ஹோஸ் வழியாக கேஜுக்குக் கொண்டுபோங்கள். அந்தச் சுருளில் சூடு இறங்கிவிடும். சுருட்டாமல் நேராக ரப்பரில் இணைத்தால் ஒரே ஓட்டத்தில் உருகிவிடும்.

டைனோவில் (காரை நின்ற இடத்திலேயே ஓட்டிப் பவரை அளக்கும் கருவி) முழு த்ராட்டிலில் ரெட்லைன் என்ற உச்ச ஆர்பிஎம்வரை ஓட்டி, பூஸ்ட்டையும் இந்த அழுத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பதிவுசெய்யுங்கள். பூஸ்ட் 18 பிஎஸ்ஐ இருக்கும்போது மேனிஃபோல்டில் 30 காட்டினால் அது தெருக் காருக்குச் சாதாரணம், ஹவுசிங்கைக் குறை சொல்லாதீர்கள். அதே 18க்கு 40, 45 என்று இரண்டு மடங்கைத் தாண்டினால் அங்கே கழுத்து நெரிபடுகிறது என்று அர்த்தம். அப்போது 0.86 வாங்கப் பணம் எடுங்கள்.

வாங்கும்போது ஒத்துப்போக வேண்டியவை: டர்பைன் சக்கரத்தின் அளவு (ஜிடி2871ஆரில் 53.9 மிமீ, சக்கரத்தின் இரு பக்க விட்டங்களின் விகிதத்தைச் சொல்லும் ட்ரிம் எண் 76, ஜிடி2860ஆர்எஸ்ஸிலும் இதே சக்கரம்தான், ஆகவே அதன் ஹவுசிங் இதற்குப் பொருந்தும்), மேனிஃபோல்டில் உட்காரும் டி25 ஃபிளாஞ்ச் (போல்ட் போடும் தட்டை முகம்), வெளி வாயின் ஐந்து போல்ட் அமைப்பு, பூஸ்ட் அளவு மீறாமல் மிச்சப் புகையைச் சக்கரத்தைத் தாண்டி வெளியே விடும் கதவான வேஸ்ட்கேட் உள்ளேயே உள்ளதா இல்லையா. ஜிடி30 வரிசைக்கு வரும் 0.63, 0.82, 1.06 ஹவுசிங்குகள் வேறு சக்கரத்துக்குக் கடைந்தவை, எண் பக்கத்தில் இருக்கிறதே என்று மயங்கி வாங்கிவிடாதீர்கள். மலிவான நகல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சக்கரத்தின் இறக்கைக்கும் ஹவுசிங்கின் உள்சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு. கடைசல் சரியில்லாமல் அது கூடினால் புகை சக்கரத்தைச் சுழற்றாமல் பக்கவாட்டில் நழுவிவிடும், குறைந்தால் இறக்கை உரசும். பழைய ஹவுசிங் வாங்கினால் வேஸ்ட்கேட் துளைக்கும் புகை வரும் வாய்க்கும் நடுவே உள்ள மெல்லிய சுவரை டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே மயிரிழை விரிசல் சகஜம். விரிசல் வெளிச்சுவர்வரை ஓடியிருந்தால் வேண்டாம்.

கூடவே வாங்க வேண்டியவை: டி25 கேஸ்கட், வெளி வாய்க்கு ஒரு கேஸ்கட், புது ஸ்டட்டுகளும் (தலையில்லாத போல்ட்டுகள்) நட்டுகளும், நட் பின்வாங்காமல் மடக்கிப் பிடிக்கும் லாக் டேப்புகள், ஆயில் மற்றும் தண்ணீர்க் குழாய்களின் பான்ஜோ போல்ட்டுகளுக்கு (நடுவே துளையுள்ளவை) செம்பு வாஷர்கள், மரை சூட்டில் இறுகிப்போகாமல் காக்கும் நிக்கல் கலந்த ஆன்டி சீஸ் பசை, துருவுக்குள் ஊறிப்போகும் பெனட்ரேட்டிங் ஆயில், கூலன்ட், எஞ்சின் ஆயில், ஃபில்டர். செம்பு வாஷரைத் திரும்பப் போட்டு மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். இன்னொன்று, நியூ சவுத் வேல்ஸில் இருப்பவர்கள் டர்போ சம்பந்தப்பட்ட மாற்றத்துக்கு முன்பே வாகன மாற்றங்களுக்குச் சான்று தரும் உரிமம் பெற்ற சர்டிஃபையரிடம் ஒரு தடவை பேசிவிடுங்கள், இன்சூரன்ஸ்காரருக்கும் சொல்லிவிடுங்கள்.

கழற்றுவது

வேலை சனிக்கிழமை என்றால் புதன்கிழமையே தொடங்கிவிட்டது என்று எண்ணிக்கொள்ளுங்கள். தினமும் மாலை, எஞ்சின் ஆறிய பிறகு, தெரிகிற ஒவ்வொரு ஸ்டட்டுக்கும் நட்டுக்கும் பெனட்ரேட்டிங் ஆயில் அடியுங்கள். ஆயிரக்கணக்கான தடவை செக்கச்சிவக்கச் சூடாகி ஆறிய இரும்பு அது.

முதல் தடவை இந்த வேலையை நான் எடுத்தபோது இந்த மூன்று நாளைக் கொடுக்கவில்லை. மாலை ஆறு மணிக்கு ஆரம்பித்தேன், இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம். மேனிஃபோல்டுக்கும் டர்போவுக்கும் நடுவே உள்ள நான்கில் கீழ்ப்பக்கத்து நட் திரும்பத் தொடங்கியதும் மனசு நிம்மதியாகிவிட்டது. நட் சுழலவில்லை, ஸ்டட்தான் முறுக்கிக்கொண்டிருந்தது. கையில் அந்த எதிர்ப்பு சட்டென்று வெண்ணெய் மாதிரி இளகியது, அடுத்த நொடி 'டக்'. அந்த ஒரு ஸ்டட்டைத் துளைத்து எடுக்க மறுநாள் முழுக்கப் போனது. அதனால் சொல்கிறேன், நட் கால் சுற்று திரும்பியதும் மேலும் இழுக்காதீர்கள். திரும்ப முறுக்குங்கள், ஆயில் அடியுங்கள், மறுபடி கால் சுற்று. முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டித்தான் அது வெளியே வர வேண்டும். இழுவை திடீரென்று இளகினால் நிறுத்திவிட்டு கேஸ் டார்ச்சால் நட்டைச் சூடாக்குங்கள். சூடாக்கும் முன் அடித்திருக்கும் ஆயிலை நன்றாகத் துடைத்துவிடுங்கள், தீப்பிடிக்கும்.

வரிசை இதுதான். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். காரை ஸ்டாண்டில் ஏற்றிக் கூலன்ட்டையும் ஆயிலையும் இறக்குங்கள். ஏர் இன்டேக் குழாய், ஹீட் ஷீல்டு, ஆக்சிஜன் சென்சார், பிறகு புகையைக் கீழே இறக்கும் டவுன்பைப்பும் டர்போவை ஒட்டிய எல்போவும் (வளைந்த குழாய்). வலப்பக்க ஸ்டீயரிங் காரில் ஸ்டீயரிங் ஷாஃப்ட் இந்தப் பக்கமே இறங்குவதால் கை போகும் இடம் கொஞ்சம்தான், நீள எக்ஸ்டென்ஷனும் வளையும் ஜாயிண்ட்டும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், படுத்துக்கொண்டு வேலை செய்யும்போது துரு நேராகக் கண்ணில்தான் விழும். அப்புறம் ஆயில் வரும் குழாய், ஆயில் வடியும் குழாய், தண்ணீர்க் குழாய்கள். ஒவ்வொரு துளையையும் கழற்றிய உடனே சுத்தமான துணியால் அடையுங்கள், ஒரு மணல் துகள் பேரிங்கில் போனால் டர்போ போச்சு. கடைசியாக அந்த நான்கு நட்டுகள், டர்போ கைக்கு வந்துவிடும்.

மேசை மேல்

டர்போவை மேசையில் வைத்ததும் முதல் வேலை அடையாளம் போடுவது. ரியர் ஹவுசிங், பேரிங் உள்ள நடு ஹவுசிங், காற்றுப் பக்கத்து கம்ப்ரஸர் கவர் மூன்றுக்கும் குறுக்கே கூரான கம்பியால் ஒரு கோடு கீறுங்கள், மார்க்கர் மை ஆயிலில் அழிந்துவிடும். நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். வேஸ்ட்கேட் கதவைத் திறந்து மூடும் ஆக்சுவேட்டரின் ராடைப் பிடித்திருக்கும் சின்ன கிளிப்பை எடுத்து ராடை விடுவியுங்கள். ராடின் நீளத்தை மட்டும் இப்போது திருகாதீர்கள்.

நடு ஹவுசிங்கை ரியர் ஹவுசிங்கோடு பிடித்திருப்பது வட்டமாக உள்ள போல்ட்டுகளும் அவற்றுக்கு அடியில் உள்ள பிறை வடிவத் தகடுகளும். இவை அநேகமாக இறுகிப்போயிருக்கும். கேஸ் டார்ச் பிடிப்பதானால் ரியர் ஹவுசிங்கின் காதுகளில் மட்டும் பிடியுங்கள், நடு ஹவுசிங் பக்கம் சூடு போகக்கூடாது, உள்ளே சீல் இருக்கிறது. போல்ட்டுகளின் மரை ரியர் ஹவுசிங்கில்தான் இருக்கிறது, ஒன்று முறிந்தாலும் பாதிக்கப்படுவது நீங்கள் மாற்றப்போகிற பழைய வார்ப்புதான், அந்த வகையில் பதற வேண்டாம்.

போல்ட் எல்லாம் வந்த பிறகும் ஹவுசிங் அசையாது. துருவும் கரியும் இரண்டையும் ஒட்டவைத்திருக்கும். ஒரு ஸ்க்ரூடிரைவரை நடுவில் விட்டு நெம்பினால் முடிந்தது, ஒரு பக்கம் மட்டும் சாய்ந்து டர்பைன் இறக்கை சுவரில் மாட்டி வளைந்துவிடும். பிளாஸ்டிக் சுத்தியலை எடுத்து ஹவுசிங்கை மேலே ஒரு தட்டு, எதிர்ப்பக்கம் ஒரு தட்டு, இடம், வலம் என்று சுற்றிவாருங்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு இரண்டு வார்ப்புக்கும் நடுவே ஒரு கறுப்புக் கோடு தெரியும், அதிலிருந்து செந்துரு பொடியாக உதிரும். தட்டும் சத்தமும் மாறும், கெட்டியாக ஒலித்தது இப்போது கொஞ்சம் குழிவாகக் கேட்கும். கோடு சுற்றிலும் ஒரே அகலமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே தட்டுங்கள், எங்கே குறுகலோ அங்கே அடுத்த தட்டு. ஒரு கட்டத்தில் ஹவுசிங் தானாகக் கையில் வரும், நேராக, ஷாஃப்ட்டின் போக்கிலேயே இழுங்கள்.

இப்போது வெளியே தெரியும் அந்தச் சக்கரத்தை மிகுந்த மரியாதையோடு நடத்துங்கள். அதன் மேல் டர்போவின் எடையை வைக்காதீர்கள், கம்பி பிரஷ் போடாதீர்கள். மறுமுனையில் கம்ப்ரஸர் சக்கரத்தைப் பிடித்திருக்கும் நட்டைத் தொடவே கூடாது, ஷாஃப்ட், சக்கரங்கள், நட் எல்லாம் சேர்த்து பேலன்ஸ் பார்த்த ஒரே தொகுதி அது. இறக்கைகளின் விளிம்பில் பல்லு விழுந்திருக்கிறதா, ஷாஃப்ட் ஆடுகிறதா, சக்கரத்துக்குப் பின்னால் ஈர ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள். பால் பேரிங் டர்போவில் பக்கவாட்டு ஆட்டம் மிகக் கொஞ்சம்தான் இருக்கும். நன்றாக ஆடினால் ஹவுசிங்குக்குச் செலவழிக்கும் முன் நடுப்பகுதியை நிபுணரிடம் காட்டுங்கள்.

புது ஹவுசிங்கைப் பூட்டுவது

நடு ஹவுசிங்கின் உட்காரும் முகத்தில் உள்ள கரியை மென்மையான பச்சை ஸ்க்ரப் பேடால் தேய்த்துத் துடையுங்கள். பிறகு ஆன்டி சீஸ் எதுவும் இல்லாமல் வெறுமனே ஒரு தடவை பொருத்திப் பாருங்கள். நேராக இறங்க வேண்டும். இறங்கியதும் கம்ப்ரஸர் பக்கத்திலிருந்து ஒரு விரலால் சக்கரத்தைச் சுழற்றி, காதைப் பக்கத்தில் வையுங்கள். சத்தமே இருக்கக்கூடாது. லேசாகச் 'சரக்' என்றாலும் கழற்றிவிட்டு மறுபடி உட்காரவையுங்கள். டர்போவைப் படுக்கவைத்தும், நிமிர்த்தியும், ஷாஃப்ட்டை ஒரு பக்கமாக மெல்லத் தள்ளிக்கொண்டும் சுழற்றிப் பாருங்கள்.

உரசல் இல்லையென்றால் போல்ட்டுகளுக்கு ஆன்டி சீஸ் தடவி, பிறைத் தகடுகளைப் போட்டு, கையால் மட்டும் இறுக்குங்கள். பழைய ஹவுசிங்கில் கோடு விழுந்த இடத்தைப் புதியதில் ஒப்பிட்டுக் கோணத்தைச் சரிசெய்ய வேண்டும். ஆயில் வடியும் துளை நேர் கீழே பார்க்க வேண்டும், காரெட் அனுமதிப்பது செங்குத்திலிருந்து 35 டிகிரிவரைதான். கோணம் சரியானதும் எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில், டர்போ தயாரிப்பாளரின் தாளில் உள்ள டார்க் அளவுக்கு இறுக்குங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு சக்கரத்தைச் சுழற்றிப் பார்ப்பதை விடாதீர்கள்.

ஆக்சுவேட்டர் ராடை இப்போது மாட்டுங்கள். வேஸ்ட்கேட் கதவைக் கையால் முழுதாக மூடிப் பிடித்துக்கொண்டால் ராடின் கண், கதவின் நெம்புகோலில் உள்ள முளையின் மேல் தானாக விழக்கூடாது. ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் இழுத்துத்தான் மாட்ட வேண்டும், அந்த இழுவைதான் கதவை மூடிவைக்கும். தளர்வாக விட்டால் பூஸ்ட் வரும் முன்பே புகை கதவு வழியாகக் கசியும், பழியை 0.86 சுமக்கும்.

காரில் ஏற்றும் முன் மேனிஃபோல்டின் முகத்தில் நேர்ச்சட்டம் வைத்துப் பாருங்கள். வளைந்திருந்தால் எந்த கேஸ்கட்டும் தாங்காது, கடைசல் பட்டறைக்குக் கொடுங்கள். பால் பேரிங் டர்போவுக்கு ஆயில் வரும் வழியில் சுமார் 1 மிமீ துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் இருக்க வேண்டும், பழைய குழாயோடு அது குப்பைக்குப் போய்விடாமல் பாருங்கள். ஆயில் இணைப்புகளில் சிலிகான் பசை வேண்டவே வேண்டாம், பிசிறு ஒன்று கிளம்பினால் அந்த ஒரு மில்லிமீட்டர் துளையை அடைக்கப் போதும். லாக் டேப்புகளை மடக்க மறக்காதீர்கள்.

முதல் ஸ்டார்ட்

புது ஆயில், ஃபில்டர், கூலன்ட். ஆயில் வரும் துளையில் கொஞ்சம் சுத்தமான எஞ்சின் ஆயிலை ஊற்றிச் சக்கரத்தைக் கையால் சுழற்றிய பிறகு குழாயை மாட்டுங்கள். ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸையும் இக்னிஷன் காயில் பிளக்கையும் கழற்றிவிட்டு, பத்துப் பத்து நொடியாகக் கிராங்க் செய்யுங்கள், ஆயில் பிரஷர் ஏறிய பிறகே நிஜ ஸ்டார்ட். ஐடிலிலேயே விடுங்கள். புகை வரும், பயப்படாதீர்கள், ஆன்டி சீஸும் உங்கள் கை எண்ணெயும் எரிகின்றன. கால் மணி நேரத்தில் நின்றுவிட வேண்டும். நிற்காமல் டெயில் பைப்பில் நீலமாக வந்தால் ஆயில் வடியும் வழியைப் பாருங்கள். கூலன்ட்டில் சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள்.

டியூன் செய்யாமல் வேகமெடுக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். ஹவுசிங் பெரிதானதும் அதே பூஸ்ட்டில் எஞ்சினுக்குள் போகும் காற்று கூடுகிறது, சிலிண்டரில் தங்கும் பழைய புகை குறைந்ததால். கம்பெனி ஏர் ஃப்ளோ மீட்டர் இன்னும் இருந்தால் அது காற்றை நேராக அளப்பதால், மீட்டரின் எல்லைக்குள் இருக்கும்வரை ஈசியு (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) ஓரளவு சமாளிக்கும். காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை வைத்து ஓடும் ஈசியு என்றால் அதற்குத் தெரிவது அழுத்தம் மட்டும். பூஸ்ட் கேஜில் அதே 18 காட்டும், ஈசியு பழைய கணக்குப்படி அதே பெட்ரோலைக் கொடுக்கும், மேல் ஆர்பிஎம்மில் கலவை ஒல்லியாகும், பிஸ்டன் உருகும். ஓட்டுபவருக்கு முன்கூட்டி எந்த அறிகுறியும் தெரியாது.

ஆகவே பூஸ்ட் கன்ட்ரோலரை முழுதாக அணைத்துவிட்டு, வேஸ்ட்கேட் ஸ்ப்ரிங் தரும் பூஸ்ட்டில் மட்டும், காற்று பெட்ரோல் கலவையைக் காட்டும் வைட்பேண்டைப் பார்த்துக்கொண்டு டைனோவில் தொடங்கச் சொல்லுங்கள். ரெட்லைன்வரை பூஸ்ட் ஏறாமல் ஒரே இடத்தில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். நின்றால் கன்ட்ரோலரைச் சுழியத்திலிருந்து மெல்ல ஏற்றலாம், 0.64க்குப் போட்ட பழைய எண்கள் இதற்கு ஆகாது. முதலில் அளந்தீர்களே, மேனிஃபோல்டு அழுத்தம், அதை இப்போதும் பதிவுசெய்து பழைய கோட்டின் மேல் போட்டுப் பாருங்கள். இரண்டு கோடும் மேல் ஆர்பிஎம்மில் விலகுவதைப் பார்க்கும்போதுதான் பணம் எங்கே போனது என்று கண்ணால் தெரியும். கீழே பூஸ்ட் எங்கே தொடங்குகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், வளைவிலிருந்து வெளிவரும்போது எந்தக் கியர் என்பதை இனி அந்த எண்தான் முடிவுசெய்யும்.

மூன்று நான்கு தடவை நன்றாகச் சூடாகி ஆறிய பிறகு, முற்றிலும் குளிர்ந்திருக்கும்போது எல்லா நட்டுகளையும் ஒரு தடவை பாருங்கள். கேஸ்கட் ஓரத்தில் கரிக்கோடு தெரிந்தால் அங்கே கசிகிறது.

பழைய 0.64ஐத் தூக்கிப் போடாதீர்கள். துருவைத் துடைத்து, எண்ணெய்த் துணியில் சுற்றி, அதன் போல்ட்டுகளையும் தகடுகளையும் ஒரு பையில் போட்டு அதனோடு கட்டி வையுங்கள். என்னுடையது இப்போது மோட்டார்கானா ஓட்டும் நண்பர் ஒருவரின் காரில் இருக்கிறது. கூம்புகளைச் சுற்றி இரண்டாம் கியரில் வளைபவருக்கு அதுதான் சரியான ஹவுசிங்.